கொப்புளம் ஆறிவிட்டது, வலி ஏன் ஆறவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். ஐந்து வாரத்துக்கு முன்பு வலது மார்புக்குக் கீழே எரிகிறது, குத்துகிறது என்றார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தோம். வலி முதுகுக்கும் பரவியதால் பயந்துபோய் ஈசிஜி எடுத்தோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. அக்கி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. குயவரான வேளார் வீட்டுக்கு அழைத்துப் போய் மூன்று நாள் அக்கி எழுதினோம். எரிச்சல் அடங்கவில்லை. கொப்புளம் வந்த ஐந்தாம் நாள் டாக்டரிடம் காட்டி, ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது பொருக்கெல்லாம் உதிர்ந்து தழும்பு மட்டும்தான் இருக்கிறது. வலி மட்டும் போகவே இல்லை. ரவிக்கை உரசினாலே துடிக்கிறார். இரவில் தூக்கம் இல்லை. “புண்தான் ஆறிவிட்டதே, எல்லாம் மனப்பிரமை” என்கிறார் அண்ணன். அவருக்கு வயது 51, அவருக்கும் சர்க்கரை உண்டு. என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு இதுவரை அம்மை போட்டதில்லை. பாட்டியைப் பார்க்கத் துடிக்கிறாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அக்கி எழுதி நாளைக் கடத்தியது எங்கள் தவறா? இந்த வலி எப்போது போகும்? மகள் வரலாமா? இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, நாங்கள் போட்டுக்கொள்ள வேண்டுமா? அம்மாவுக்கு உண்மையிலேயே வலிக்கிறதா?
ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், உங்கள் அம்மாவுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. துணி உரசினால் தீப்பட்டதுபோல் இருக்கிறது என்று அவர் சொல்வதில் ஒரு சொல்கூட மிகையில்லை. அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் பொறுத்துக்கொள்வார், மெல்லிய துணி லேசாகப் பட்டால் பொறுக்க மாட்டார். பார்ப்பவர்களுக்கு இது முரணாகத் தெரியும். அக்கி தாக்கிய நரம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். இதே வார்த்தைகளில் இதே வலியைச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு வலியைவிடப் பெரிய துயரம், வீட்டில் யாரும் நம்பாததுதான்.

அக்கி தோலில் தெரிகிறது, அதனால் அதைத் தோல் நோய் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது நரம்பில் பிறக்கிற நோய். உங்கள் அம்மாவுக்குச் சின்ன வயதில் எப்போதோ சின்னம்மை வந்திருக்கும். அந்த அம்மையை உண்டாக்கிய வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ், அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டின் ஓரமாகவும் மூளைக்கு அருகிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. நீறு பூத்த நெருப்பாகப் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். வயது ஏற ஏற, அதை அடக்கி வைத்திருந்த எதிர்ப்பு சக்தி தளரும். சர்க்கரை நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, மாற்றுச் சிறுநீரகம், எச்ஐவி தொற்று ஆகியவையும் தளர்த்தும். அப்போது ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலை நோக்கி வரும். வருகிற வழியெல்லாம் நரம்பு வெந்துபோகிறது. கொப்புளம் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அம்மாவுக்கு எரிந்ததற்கு அதுதான் காரணம். அந்த நாட்களில் தோலில் எதுவும் தெரியாது. மாரடைப்போ பித்தப்பைக் கல்லோ என்று மருத்துவர்களே தேடுவார்கள். நீங்கள் ஈசிஜி எடுத்தது சரியான காரியம்.

நம் மொழியில் அக்கி என்றாலே நெருப்பு. அக்கினியிலிருந்து வந்த சொல். இந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊரில் சொல்வதுபோல் உடம்புச் சூட்டினாலோ வெயிலினாலோ இது வருவதில்லை. இன்னொருவரிடமிருந்து அக்கியாக ஒட்டிக்கொள்வதும் இல்லை. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரில் ஹோப்-சிம்ப்சன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். நம் ஊர்க் குடும்ப டாக்டர் மாதிரிதான். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளையெல்லாம் 16 ஆண்டுகள் விடாமல் குறித்து வைத்தார். அக்கி வெளியிலிருந்து தொற்றுவதில்லை, பழைய அம்மைதான் உள்ளேயிருந்து மறுபடி எழுகிறது என்ற முடிவை அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்து 1965-ல் வெளியிட்டார். நோயாளிகள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டே ஒருவர் கண்டுபிடித்த உண்மை என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

அக்கி இடுப்பைச் சுற்றி வளைத்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். ஒரு நரம்பு முடிச்சு உடம்பின் ஒரு பாதிக்கு மட்டுமே சொந்தம். அதனால்தான் கொப்புளம் முதுகெலும்பில் தொடங்கி நெஞ்சின் நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அது சுற்றி வளைப்பதில்லை. ஒரு பட்டையாக நிற்காமல் உடம்பு முழுக்கக் கொப்புளம் சிதறினால்தான் கவலைப்பட வேண்டும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அப்படி வரும். அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்ற வேண்டும்.

இனி அக்கி எழுதியதைப் பற்றி. என் பாட்டிக்கும் எழுதினார்கள். குயவர் வீட்டுத் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருக்க, இழைத்த செங்காவியைக் கோழி இறகால் தொட்டு அந்தப் பெரியவர் எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரக் காவி பட்டதும் பாட்டியின் முகம் சற்றே தளர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும், அதில் பொய்யில்லை. எழுதினால் அக்கி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை எப்படி நிலைத்தது என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. கொப்புளங்கள் ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தாமாகவே ஆறிவிடும். எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். தவிர, உதட்டோரக் கொப்புளம், ராத்திரி விளக்குக்கு வரும் பூச்சி நசுங்கித் தோல் வெந்த புண் எல்லாவற்றையும் நம் பக்கத்தில் அக்கி என்றே சொல்கிறோம். அவையெல்லாம் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தாமாகவே ஆறிவிடும். எழுதியதால் போயிற்று என்று பெயர் வாங்கிக் கொடுப்பவை பெரும்பாலும் அவைதான்.

ஆகவே எழுதியவரையும் உங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வருத்தமெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றியது. அக்கிக்கு மருந்து இருக்கிறது. அது கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் நன்றாக வேலை செய்யும். வைரஸ் வேகமாகப் பெருகும் காலம் அதுதான். அசைக்ளோவிர் மாத்திரை என்றால் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். நான் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று மணிக்கணக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். வாலாசைக்ளோவிர் என்றால் 1000 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை போதும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மருந்துக் கடையில் “அக்கி” என்று சொல்லி ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு வருகிறவர்கள் பலர். அசைக்ளோவிர் களிம்பு இந்த நோய்க்குப் பயன் தராது. நோய் நரம்பில் இருக்கிறது, களிம்பு தோலோடு நின்றுவிடுகிறது. குறைந்த அளவு மாத்திரையை மூன்று நாளுக்கு மட்டும் வாங்கிச் சாப்பிடுவதும் அதே கதைதான். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் கெடுதல்.

உங்கள் அம்மாவுக்கு ஐந்தாம் நாள் மருந்து தொடங்கினார்கள். அப்போதும் புதுக் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தால், 70 வயதில், சர்க்கரையோடு இருப்பவருக்கு மூன்று நாள் தாண்டியும் கொடுப்பதே சரி. உங்கள் மனதில் உறுத்தல் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஒன்று சொல்கிறேன். மருந்து கொப்புளத்தைச் சீக்கிரம் ஆற்றும், அந்த நேரத்து வலியைக் குறைக்கும். ஆனால் பிறகு தங்குகிற வலியை அது தடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. முதல் நாளே மாத்திரை கொடுத்திருந்தாலும் அம்மாவுக்கு இந்த வலி வந்திருக்கலாம். அதனால் பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை உங்கள் தெருவில் யாருக்காவது அக்கி வந்தால் எழுத வேண்டுமானால் எழுதட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம்.

இப்போதைய வலிக்கு வருகிறேன். கொப்புளம் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் நீடித்தால்தான் இதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று மருத்துவத்தில் பெயர் சொல்லி அழைப்போம். அம்மா இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை. இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே பலருக்கு வலி படிப்படியாக இறங்கிவிடும். இளவயதில் அக்கி வந்தவர்களுக்கு வலி தங்குவது அபூர்வம். வயதானவர்களுக்கும், கொப்புளத்துக்கு முன்பே கடுமையாக வலித்தவர்களுக்கும் தங்க வாய்ப்பு அதிகம். அம்மா இரண்டு வகையிலும் வருகிறார். ஆகவே மூன்று மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. பாரசிட்டமால் ஓரளவு தணிக்கும். டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி நாள்கணக்கில் சாப்பிட்டால், சர்க்கரையில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்குக் கேடு வரும். நரம்பின் தவறான சைகைகளை அடக்குகிற மருந்துகள் தனியே இருக்கின்றன. கேபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் அந்த வகை. இரவில் மட்டும் சின்ன அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவோம். முதல் சில நாள் தலை சுற்றும், தூக்கம் தள்ளும். அம்மா ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கூடவே யாராவது எழ வேண்டும். இந்த வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அக்கியைவிடப் பெரிய துன்பம். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரையும் நன்றாகக் கேட்கும். ஆனால் இதய நோய், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அதை யோசித்துத்தான் தருவோம். அப்படி எதுவும் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த மருந்தும் இரண்டாம் நாளே பலன் காட்டாது. “மூன்று நாள் சாப்பிட்டார், கேட்கவில்லை, நிறுத்திவிட்டோம்” என்று திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும். மூன்று நான்கு வாரமாவது நேரம் கொடுங்கள். நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

லிடோகெயின் பட்டை என்று ஒன்று உண்டு. வலிக்கும் இடத்தில் ஒட்டினால் தோல் மரத்துப்போகும். உடம்புக்குள் அதிகம் போகாது என்பதால் வயதானவர்களுக்கு ஏற்றது. மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் கலந்த களிம்பும் இருக்கிறது. முதலில் எரிந்து, தொடர்ந்து பூசப் பூச நரம்பின் உணர்வை மங்கவைக்கும். புண் முழுக்க ஆறிய தோலில் மட்டுமே, டாக்டர் சொன்னால் மட்டுமே பூச வேண்டும், பூசிய கையைக் கழுவ வேண்டும். நரம்பு ஊசி என்று வைட்டமின் பி12 போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அம்மாவுக்குக் குறைந்திருந்தால் போடுவது நியாயம். அதை அக்கி வலிக்கு மருந்தாக எண்ண வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நைந்து மெத்தென்றாகிவிட்ட பழைய பருத்திப் புடவையும், தொளதொளவென்ற பருத்தி ரவிக்கையும் போதும். குளிக்கலாம். பத்தியம் எதுவும் தேவையில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, அம்மைக்குச் செய்வதுபோல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கிவிடுவார். உளுந்து, கத்திரிக்காய், மீன் எல்லாம் சாப்பிடலாம். அவர் தூங்குவதுதான் முக்கியம். தூக்கமில்லாத இரவு, மறுநாள் வலியை இரட்டிப்பாக்கும்.

உங்கள் மகள் தாராளமாக வரலாம். அக்கி வந்தவரின் கொப்புள நீரில் வைரஸ் இருக்கும். அம்மை வராத, அம்மைத் தடுப்பூசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம், அக்கியாக வராது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதுமே அந்த ஆபத்து முடிந்துவிட்டது. அம்மாவுக்குப் பொருக்கே உதிர்ந்துவிட்டது. கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை தடுத்து வைத்தது சரி, இன்று தேவையில்லை. பேத்தி பக்கத்தில் இருந்தால் பாட்டிக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஆனாலும் மகளுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை குழந்தைப் பருவத்தைத் தாண்டி, வளர்ந்த பிறகு வருவது அதிகம். அதனால் கர்ப்பிணிகளில் அம்மை வராதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கர்ப்ப காலத்து அம்மை தாயின் நுரையீரலைத் தாக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் குழந்தைக்கு மிகவும் ஆபத்து. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, அம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா என மகப்பேறு மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்மை, அக்கி வந்த யாரையும் நெருங்காமல் இருக்கட்டும். தவறி நெருங்கிவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பத்து நாளுக்குள் போடக்கூடிய எதிர்ப்புப் புரத ஊசி உண்டு. அம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது, கர்ப்பத்தில் போடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் அம்மாவுக்கு நெஞ்சில் வந்தது. இதே அக்கி நெற்றியிலோ கண்ணிமையிலோ, குறிப்பாக மூக்கு நுனியிலோ வந்தால், மூன்று நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். மூக்கு நுனிக்குப் போகும் நரம்பும் கண்ணுக்குள் போகும் நரம்பும் ஒரே கிளை. அங்கே கொப்புளம் என்றால் கருவிழிக்கும் பாதிப்பு வரலாம், பார்வையே போகலாம். காதில் கொப்புளம் வந்து வாய் கோணினாலும் அவசரம்தான். இளவயதினர் யாருக்காவது காரணமில்லாமல் அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனை செய்வது வழக்கம். அதில் அவமானப்பட ஒன்றுமில்லை.

தடுப்பூசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது, இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய ஆய்வுகளில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் 97 சதவீதமும், 70-ஐத் தாண்டியவர்களிடம் ஏறத்தாழ 90 சதவீதமும் அக்கியைத் தடுத்தது. பத்து ஆண்டு கடந்தும் பாதுகாப்பு நிற்கிறது. அக்கியே வராவிட்டால் அதன் வலியும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஊசியின் பெரிய பயன் அதுதான். போட்ட கை நன்றாக வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். அதற்குப் பயந்து இரண்டாவது ஊசியை விட்டுவிடக் கூடாது. குறை என்றால் விலைதான். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. எல்லாக் குடும்பத்தாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். முடிந்தவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள், கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்கும் போடலாம். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது குறைவு என்றாலும் வரவே வராது என்று சொல்ல முடியாது. அவசரமில்லை, பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் போடுகிறோம். உங்களுக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இல்லையென்றால் 50 வயது வரை காத்திருக்கலாம். இப்போது போட்டுக்கொள்ள வேண்டியவர் உங்கள் அண்ணன். 51 வயது, சர்க்கரையும் இருக்கிறது. சின்ன வயதில் அம்மை வந்திருந்தால் அவர் நரம்பு முடிச்சுகளிலும் அந்த நெருப்பு நீறு பூத்துக் கிடக்கும். அடுத்த முறை சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த ஊசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இன்று சாயங்காலமே அவரை அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, இந்தப் பதிலின் முதல் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.